சைடு குவெஸ்டும் நம் தேர்வும்: ஆர்பிஜி விளையாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேம் வாங்கித் தரும் பெற்றோர், தேசிய சேவையில் வார இறுதி மட்டும் கிடைக்கும் பையன்கள், கேம் உருவாக்கம் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள். சிங்கப்பூரில் இந்த மூன்று தரப்பிலிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர் பேச்சிலேயே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறோம். 3, 4, 5, 10, 15 ஆகிய பதில்களில் சில கேம்களின் கதை முடிச்சு வெளிப்படும். இன்னும் விளையாடாதவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

1. சைடு குவெஸ்ட்னா என்ன? மெயின் கதையை முடிச்சா போதாதா?

ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, அதன் சார்பில் முடிவெடுக்கும் விளையாட்டு ஆர்பிஜி. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை உங்களைக் கூட்டிப் போவது மெயின் குவெஸ்ட். செய்தாலும் செய்யாவிட்டாலும் கேம் முடியும் என்றால் அது சைடு குவெஸ்ட்.

நேரே ஓடி முடித்துவிடலாம், தடையில்லை. ஆனால் மெயின் கதை எழுதுபவருக்குக் கை கட்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரும் அந்தக் கதையைக் கடந்தாக வேண்டும் என்பதால், முக்கியமானவரைப் பாதியில் சாகவிடவோ வழியை அடைக்கவோ அவர் தயங்குவார். ஓரத்துக் கதைக்கு அந்தப் பயம் கிடையாது. ஊரே அழியலாம், நீங்கள் தோற்றும் போகலாம், மெயின் கதை நிற்காது. துணிச்சலான எழுத்து பெரும்பாலும் சைடு குவெஸ்டில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

2. பத்து ஓநாய்த் தோல் கொண்டு வா, அஞ்சு பூ பறிச்சிட்டு வான்னு ஒரே தொல்லை. இதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுறாங்க?

சிலவற்றை யாருமே எழுதுவதில்லை. ஸ்கைரிம் (2011) கேமில் ஆள், இடம், பொருள் மூன்றையும் கணினியே பொறுக்கிச் சேர்த்து வேலை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அந்த வகை வேலைக்கு முடிவே கிடையாது. ஒன்றை முடித்தால் அடுத்தது தயார். கண்டுபிடிப்பது சுலபம். வேலை கொடுப்பவருக்கு அந்த வேலையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. பொருளைக் கொடுத்ததும் ஒற்றை வரியில் நன்றி. பரிசு காசும் அனுபவப் புள்ளியும் மட்டும். மறுபடி போய்ப் பேசினால் அதே வசனம்.

பொருளைக் கொண்டு சேர்க்கும் வேலை என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம். நின்டெண்டோவின் மஜோராஸ் மாஸ்க் (2000) கேமில் அஞ்சு, காஃபே என்ற ஜோடியின் கதை உண்டு. அதில் நீங்கள் செய்வதெல்லாம் கடிதம் கொடுப்பது, பதக்கம் கொண்டு போவது போன்ற எடுபிடி வேலைதான். ஆனால் அந்த உலகில் மூன்றே நாள் இருக்கிறது, ஒவ்வொருவரும் தத்தம் நேரத்தில் நடமாடுகிறார்கள், சரியான மணிக்குச் சரியான வாசலில் நீங்கள் நிற்காவிட்டால் அந்தச் சுற்றில் அவர்கள் சேரமாட்டார்கள். வேலை அற்பமாக இருக்கலாம், யாருக்காக என்பதுதான் முக்கியம்.

3. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒம்பது மணிக்குத்தான் உட்கார முடியுது. எதைச் செய்யணும், எதை விடணும்?

கூட வரும் தோழர்களின் சொந்தக் குவெஸ்ட் முதலில். அடுத்து, மெயின் கதையில் ஏற்கெனவே பார்த்த ஆட்கள் கேட்கும் உதவி. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பவை கடைசி, நேரமிருந்தால். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: தோழர்களின் கதையைத்தான் கேம் பிற்பாடு கணக்கில் எடுக்கும். மாஸ் எஃபெக்ட் 2 (2010) கடைசிப் பயணத்தில் யார் பிழைப்பார் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அவரவர் விசுவாசக் குவெஸ்டை முடித்தீர்களா, கப்பலின் கவசம், தடுப்புத்திரை, பீரங்கி மூன்றையும் மேம்படுத்தினீர்களா, ஆளுக்கேற்ற வேலை கொடுத்தீர்களா. சைபர்பங்க் 2077 (2020) கேமில் பானம் என்ற நாடோடிப் பெண்ணின் சைடு குவெஸ்டுகளை முழுசாக முடித்தவருக்குத்தான் நாடோடிகளோடு போகும் முடிவு திறக்கும்.

சண்டைக் கடினத்தை ஒரு படி குறைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். பெரும்பாலான கேம்களில் கதை மாறாது, நேரம் மிச்சம்.

4. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில கதை ஒரே இடத்துக்குத்தானே வருது? ஏமாத்து வேலை இல்லையா இது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழியுள்ள தேர்வு பத்து வந்து, ஒவ்வொன்றும் தனிக் கதையாகப் பிரிந்தால் முடிவில் 1,024 கதைகள். அத்தனைக்கும் வசனம் எழுதி, குரல் கொடுத்து, சோதித்துப் பார்க்க எந்த ஸ்டுடியோவாலும் முடியாது. அதனால் கிளைகள் சிறிது தூரம் பிரிந்து ஒரு கழுத்தில் மறுபடி சேரும். சேர்ந்த பிறகு நீங்கள் எந்த வழியில் வந்தீர்கள் என்பதைக் கேம் குறித்து வைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட எல்லாப் பெரிய ஆர்பிஜியும் இப்படித்தான்.

கழுத்து இருப்பதாலேயே ஏமாற்று ஆகிவிடாது. குரோனோ டிரிகர் (1995) தொடக்கத்தில் ஒரு திருவிழா வரும். யாரோ வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துத் தின்றீர்களா, மோதி விழுந்த பெண்ணைத் தூக்குவதற்கு முன்பே அவள் பதக்கத்தைப் பொறுக்கினீர்களா, சிறுமியின் பூனையைத் தேடிக் கொடுத்தீர்களா என்று கேம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நெடுநேரம் கழித்து நீதிமன்றத்தில் இவையெல்லாம் சாட்சியாக வரும். ஏழு நடுவர்கள் ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்வார்கள். குற்றமற்றவர் என்று வந்தாலும் போவது சிறைக்குத்தான். வழி மாறவே இல்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டைத் தின்றவர் அந்தக் காட்சியில் நெளியாமல் இருந்ததில்லை.

ஏமாற்று என்றால் இது: பெரிதாக ஒன்றைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வசனம்கூட மாறாமல் விடுவது.

5. அப்போ எந்தத் தேர்வுக்குத்தான் அர்த்தம் இருக்கு?

மூன்று சோதனை வையுங்கள். தேர்வுக்கு முன்: எது பணயத்தில் இருக்கிறது என்று தெரிந்ததா? தேர்ந்தெடுக்கும்போது: எதையாவது கைவிட வேண்டியிருந்ததா? பிறகு: யாராவது அதை ஞாபகம் வைத்திருந்தார்களா? மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். எத்தனை கிளை, எத்தனை முடிவு என்று பெட்டியில் அச்சிடுவதெல்லாம் விளம்பரம்.

விட்சர் 3 (2015) கேமில் மரத்தடியில் அடைபட்ட ஆவி ஒன்று வருகிறது. விட்டுவிட்டால் சதுப்புக்காட்டில் உள்ள அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவேன் என்கிறது. காட்டின் கிழவிகளோ அதைக் கொல்லச் சொல்கிறார்கள். இரு தரப்பையும் முழுசாக நம்ப முடியாது, ஆனால் பணயம் குழந்தைகள் என்பது தெளிவு. ஆவியை விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள், பக்கத்து ஊர் அழிகிறது, அந்தக் கிழவிகளிடம் அடிமைப்பட்டிருந்த ஒரு பெண் இறக்கிறாள், அவள் கணவன் தூக்குப் போட்டுக்கொள்கிறான். கொன்றால் கணவனும் மனைவியும் உயிரோடு கிளம்புகிறார்கள், குழந்தைகள் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கை சுத்தமாக வராது.

கடைசிக் கண்ணி, அதாவது கணவனின் சாவு, யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாதது. இது அநியாயம் என்று சிலர் கோபப்படுவதும் நியாயம்தான். விளைவு முழுசும் தெரிய வேண்டியதில்லை, ஆனால் என்ன வகை இழப்பு வரும் என்ற வாடையாவது முன்பே அடிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. அந்த அளவில் இந்தக் குவெஸ்ட் மயிரிழையில் தப்பிக்கிறது.

6. நல்லவன் பாயின்ட், கெட்டவன் பாயின்ட் குடுக்குற கேம் நல்லதா, குடுக்காதது நல்லதா?

பாயின்ட் கொடுப்பது பழைய வழக்கம். அல்டிமா 4 (1985) எட்டு நற்குணங்களை உள்ளுக்குள் எண்ணியது. கண் தெரியாத கடைக்காரம்மாவிடம் குறைத்துக் காசு கொடுத்தால் நேர்மை குறையும், ஆனால் எண்ணைத் திரையில் காட்டாது. அந்த மறைவுதான் அதன் பலம்.

எண்ணைக் காட்டி, அதற்குப் பரிசும் வைத்தால் சிக்கல். மாஸ் எஃபெக்ட் 2 கேமில் ஒரு பக்கப் புள்ளி அதிகம் சேர்ந்தால்தான் சில வசனங்கள் திறக்கும். உடனே ஆட்டக்காரர் யோசிப்பதை விட்டுவிட்டு நல்லவன் பக்கமுள்ள மேல் வரியையே அழுத்திக்கொண்டு போவார். ஃபால்அவுட் நியூ வேகஸ் (2010) ஒவ்வொரு ஊருக்கும் கட்சிக்கும் தனித்தனி மதிப்பு வைத்தது பரவாயில்லை. ஒருவருக்கு நல்லவர் இன்னொருவருக்கு எதிரி என்பது உலக நடப்போடு ஒத்துப்போகிறது.

7. நான் ஒண்ணு நினைச்சு அழுத்துறேன், ஹீரோ வேற ஒண்ணு பேசுறான். என் தப்பா?

உங்கள் தப்பில்லை. முழு வசனத்தைக் காட்டாமல் இரண்டு மூன்று சொல்லில் சுருக்கிக் காட்டினால் இப்படித்தான் ஆகும். ஃபால்அவுட் 4 (2015) இதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டது. பேசப்போகும் வசனத்தை முழுசாகக் காட்டும் மோட் (கேமில் செருகிக்கொள்ளும் மாற்றம்) ஒன்றை ரசிகர்களே செய்துகொண்டார்கள். கணினியில் விளையாடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். 5இல் சொன்ன முதல் சோதனையிலேயே இந்தச் சுருக்கங்கள் தோற்றுவிடுகின்றன.

8. மகனுக்கு 15 வயசு. அந்த கேம்ல தப்பான வழியெல்லாம் தேர்ந்தெடுக்கலாமாமே, வாங்கிக் குடுக்கலாமா?

முதலில் பெட்டியில் உள்ள அடையாளத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் வீடியோ கேம் வகைப்பாட்டு முறை 2008 முதல் நடப்பில் உள்ளது. எம்18 என்றால் 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் விற்கக் கூடாது. ஏடிவி16 என்பது ஆலோசனை. 16 வயதுக்கு மேல் பொருத்தம் என்று சொல்லும், விற்பனைக்குத் தடையில்லை. இணையத்தில் தரவிறக்கும்போது கடைக்காரர் கேட்கும் கேள்வி இராது, எனவே கன்சோலில் பெற்றோர் கட்டுப்பாட்டை நீங்களே அமைக்க வேண்டும்.

தேர்வு உள்ள கேமில் ஒரு சங்கடம்: மகன் பார்க்கும் காட்சியும் அவன் நண்பன் பார்க்கும் காட்சியும் ஒன்றாக இருக்காது. மாஸ் எஃபெக்ட் முதல் பாகம் 2007 நவம்பரில் இங்கு தடை செய்யப்பட்டு, சில நாளிலேயே எம்18 முத்திரையோடு அனுமதிக்கப்பட்டதற்குக் காரணமான காட்சியே அப்படிப்பட்டதுதான். முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்டைப் பெண்ணாக அமைத்து, தோழி லியாராவோடு நெருக்கம் வளர்க்கும் ஆட்டக்காரருக்கு மட்டும் வரும். அதனால் யூடியூபில் அரை மணி நேரம் பார்த்து முடிவெடுப்பது போதாது, முத்திரையை நம்புங்கள். விட்சர் 3, சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் பெரியவர்களுக்காக எழுதியவை. 15 வயதுக்கு குரோனோ டிரிகர், மஜோராஸ் மாஸ்க், அண்டர்டேல் நல்ல ஆரம்பம். கெட்ட வழியைத் தேர்ந்து பார்ப்பதில் தவறில்லை, ஏன் அப்படிச் செய்தாய் என்று சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரஸ்யமாக இருக்கும்.

9. சேவ் பண்ணி வச்சிட்டு, பிடிக்கலன்னா லோட் பண்ணிடுவேன். இது சீட்டிங்கா?

தனியாக விளையாடும்போது யாரை ஏமாற்றுகிறீர்கள்? ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். பால்டர்ஸ் கேட் 3 (2023) 20 முகப் பகடை உருட்டுகிறது. இலக்கு 15, உங்கள் கூடுதல் 5 என்றால் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55 விழுக்காடு. இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை கிடைத்தால் ஏறத்தாழ 80. ஆக, லோட் பண்ணுவதற்கு முன் அந்தச் சலுகையைத் தேடுங்கள். மந்திரம், உடன் வருபவரின் உதவி, சேர்த்து வைத்த இன்ஸ்பிரேஷன் (அதிகபட்சம் 4, ஒவ்வொன்றும் ஒரு மறு உருட்டல்) எல்லாம் அதற்குத்தான்.

டிஸ்கோ எலிசியம் (2019) வேறு ரகம். இரண்டு ஆறு முகப் பகடை. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனுக்கு ஒரு புள்ளி போட்டுவிட்டு மறுபடி முயலலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்பு. தோல்விக்கு எழுதிய காட்சிகள் பல இடங்களில் வெற்றிக் காட்சியைவிடச் சிறப்பு. லோட் பண்ணுகிறவர் பாதி கேமைப் பார்ப்பதில்லை. அண்டர்டேலோ (2015) நீங்கள் லோட் பண்ணியதையே குறித்து வைத்திருந்து முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டும்.

பகடைக்காக லோட் பண்ணலாம், விளைவுக்காக வேண்டாம் என்பது பலருக்கும் ஒத்துவரும் எல்லைக்கோடு.

10. குவெஸ்ட் திடீர்னு ஃபெயில்னு வந்திடுச்சு. பக்தானே?

சில சமயம் பக், அதாவது நிரல் பிழைதான். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. முதலாவது நேரம்: பால்டர்ஸ் கேட் 3இல் எரியும் விடுதியைப் பார்த்துவிட்டு நீண்ட ஓய்வு எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்கமாட்டார்கள். இரண்டாவது, திரும்ப முடியாத எல்லை. விட்சர் 3இல் ரடோவிட் மன்னனின் கதியை, அதனோடு போரின் முடிவையும் தீர்மானிக்கும் சைடு குவெஸ்ட், மூடுபனித் தீவுக்குக் கிளம்பும் மெயின் குவெஸ்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல்: அதே குவெஸ்ட், முன்பு எப்போதோ டிக்ஸ்ட்ரா என்ற முன்னாள் உளவுத் தலைவரை முரட்டுத்தனமாகத் தள்ளிக் காலை உடைத்திருந்தாலும் கிடைக்காது.

தற்காப்பு: மெயின் குவெஸ்டில் ஒருவர் "தயாரா, எல்லாவற்றையும் முடித்துவிட்டாயா" என்று கேட்டால் அது எல்லைக்கோடு. அந்த இடத்தில் தனி சேவ் வையுங்கள், அதன் மேல் எழுதாதீர்கள். யாராவது அவசரம் என்றால் அன்றே போங்கள். எத்தனையோ கேம்களில் அவசரம் என்பது வெறும் பேச்சுதான். எதில் வெறும் பேச்சு, எதில் நிஜம் என்று சொல்லாமல் விடுவது வடிவமைத்தவரின் குறை.

11. கைடு பார்த்துக்கிட்டே விளையாடலாமா?

எல்லைக்கோடு எங்கே, எந்தக் குவெஸ்டுக்குக் காலக்கெடு என்று மட்டும் பாருங்கள். எந்தப் பதில் "சரி" என்று பார்க்காதீர்கள். அந்த அறிவுரையின் காரணம் 5இல் இருக்கிறது.

12. பாலிடெக்னிக்ல கேம் டிசைன் படிக்கிறேன். ஒரு சைடு குவெஸ்ட் எழுதணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கடைசியிலிருந்து. யார், எப்போது, எந்த வசனத்தில் ஆட்டக்காரரின் செயலை ஞாபகப்படுத்துவார் என்று முதலில் எழுதுங்கள். பிறகு அதற்குக் காரணமான தேர்வு, கடைசியாகக் குவெஸ்டின் தொடக்கம். முதல் முயற்சிக்கு டுவைன் என்ற மென்பொருள் போதும். இலவசம், நிரல் தெரிய வேண்டாம், பெட்டிகளை அம்புக்குறியால் இணைத்தால் உலாவியில் ஓடும். 12 முதல் 15 பெட்டி, 1,200 முதல் 1,500 சொல், பத்து நிமிட ஆட்டம். இதற்கு மேல் போனால் முடிக்கமாட்டீர்கள்.

ஒரு மாதிரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தள மளிகைக் கடை மாதக் கடைசியில் மூடுகிறது. சாமான்களை ஏற்றிச் செல்லும் லாரிக்குக் கடைக்காரம்மாவுக்கு 300 வெள்ளி வேண்டும். பாக்கிக் கணக்கு எழுதிய 555 நோட்டை உங்களிடம் தருகிறார். மூன்று பெயர்: டாக்ஸி ஓட்டும் அண்ணன் 84 வெள்ளி, நான்காம் மாடிப் பாட்டி 31.50, இந்தக் கடையை எடுக்கப்போகும் மினிமார்ட் முதலாளியின் தம்பி 260. தம்பி பணம் தருவான், ஆனால் தன் அண்ணனான மினிமார்ட் முதலாளியின் கண்ணில் படாமல் தன் கணக்குள்ள தாளைக் கிழிக்கச் சொல்வான். உங்கள் பையில் 45 வெள்ளி. அதில் 20 அடுத்த அத்தியாயத்துக்குத் தேவை என்பது முன்பே தெரியும்.

கூட்டிப் பாருங்கள். தம்பியும் பாட்டியும் சேர்ந்தால் 291.50, எட்டரை வெள்ளி குறைகிறது. தம்பியும் டாக்ஸி அண்ணனும் என்றால் 344. தம்பியோடு உங்கள் காசில் 40 போட்டால் சரியாக 300, ஆனால் கையில் 5தான் மிஞ்சும். தாளைக் கிழிக்க மறுத்தால் மற்ற எல்லாம் சேர்ந்தும் 160.50தான். இந்த எண்களே தேர்வை உண்டாக்குகின்றன. பையில் 400 வெள்ளி வைத்திருந்தால் குவெஸ்ட் செத்துவிடும், எல்லாருக்கும் நல்லவராகிவிடலாம். மாணவர் படைப்புகளில் அதிகம் பார்க்கும் கோளாறு அதுதான்: ஒளித்து வைத்த ஒரு மூன்றாம் வழி, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொரு கோளாறு, எந்த வழியில் முடித்தாலும் ஒரே பரிசு.

13. வேரியபிள் முப்பது ஆயிடுச்சு, எனக்கே குழப்பமா இருக்கு. எத்தனை வைக்கலாம்?

ஆட்டக்காரர் செய்ததைக் கேம் குறித்து வைக்கும் இடம்தான் வேரியபிள். மேலே சொன்ன மாதிரிக்கு மூன்று போதும்: டாக்ஸி அண்ணனிடம் வாங்கியாச்சா, பாட்டி கணக்கை அடிச்சாச்சா, தாளைக் கிழிச்சாச்சா. ஆம், இல்லை என இரண்டு மதிப்பு, ஆக எட்டு நிலை. எட்டையும் கையால் சோதித்துவிடலாம். நான்காவதைச் சேர்த்தால் 16. குறைந்தது இரண்டு இடத்தில் படிக்கப்படாத வேரியபிளை அழித்துவிடுங்கள். ஓர் இடம் குவெஸ்டுக்குள், மற்றது அதற்கு வெளியே இருக்க வேண்டும்: மூன்றாம் அத்தியாயத்தில் நள்ளிரவில் டாக்ஸி கேட்கும்போது அண்ணன் நிறுத்துவாரா, மினிமார்ட் முதலாளி நோட்டில் கிழிந்த ஓரத்தைப் பார்ப்பாரா.

நடந்ததைப் பதியுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். "நம்பிக்கை 47" என்று இருந்தால் ஏன் 47 என்று எழுதிய உங்களுக்கே தெரியாது. "தாளைக் கிழித்தார்" என்றால் அதைப் பற்றி வசனம் எழுத முடியும். உறவுக்கு எண் வேண்டும் என்றால் கழித்தல் 2 முதல் கூட்டல் 3 வரை போதும்.

மிகச் சாதாரணமான பிழை வரிசையில் வரும். ஒருவர் பேச வேண்டிய வசனங்களைக் கேம் மேலிருந்து கீழாகத் தேடும். நிபந்தனையில்லாத பொது வசனத்தை மேலே வைத்துவிட்டால் கீழே பாடுபட்டு எழுதியது எதுவும் ஒலிக்காது. மிகக் குறிப்பான நிபந்தனை மேலே, பொது வசனம் கடைசியில். சோதிப்பதற்கு, வேரியபிள்களை விரும்பியபடி மாற்றி நேரே மூன்றாம் அத்தியாயத்துக்குத் தாவும் ரகசியப் பெட்டி ஒன்றை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள்.

14. தமிழ்ல எழுதினா எழுத்து உடையுது, வசனமும் ஒட்டமாட்டேங்குது. என்ன செய்யலாம்?

எழுத்து உடைவது இன்ஜினை, அதாவது கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருளைப் பொறுத்தது. டுவைன் உலாவியில் ஓடுவதால் தமிழ் ஒழுங்காக வரும். கோடோ 4 (2023) முதல் சிக்கலான எழுத்துருக்களைச் சரியாக அடுக்குகிறது. பழைய கோடோ 3 அப்படியல்ல. யூனிட்டியின் வழக்கமான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஆர்பிஜி மேக்கர் எம்வி உரையாடலை ஒவ்வொரு குறியாக வரைவதால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகச் சிதறும். சரியாக அடுக்கும் இன்ஜினிலும் தட்டச்சு விளைவைக் கவனியுங்கள். "க்" என்பது கணினிக்கு இரண்டு குறி. குறி குறியாகக் காட்டினால் முதலில் "க" தெரிந்து பிறகு புள்ளி விழும், திரை முழுக்கச் சிமிட்டும். முழு எழுத்தாக நகர்த்துங்கள். வேரியபிள் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது பத்திரம்.

வசனம் ஒட்டாதது வேறு விஷயம். ஆட்டக்காரர் தட்டிய பெயரோடு "ஐ" சேர்த்தால் "முருகன்ஐ" என்று வரும். பெயர் உங்கள் பட்டியலில் உள்ளதென்றால் முருகன், முருகனை, முருகனுக்கு, முருகனின் என்று நான்கையும் சேமியுங்கள். அவரே தட்டுவதென்றால் பெயரை விளியாக மட்டும் பயன்படுத்துங்கள். ஆணா பெண்ணா என்பதை "நீங்கள்", "அவர் வந்தார்" என்று எழுதித் தாண்டலாம், ஆனால் தம்பி, தங்கச்சி, அண்ணே, அக்கா என்ற அழைப்புக்குத் தனி வேரியபிள் வேண்டும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பாட்டியிடம் காசைக் கறந்தால், அதுவரை "வாப்பா, சாப்டியா" என்றவர் அடுத்த முறை "வாங்க, என்ன வேணும்" என்பார். புது வசனம் ஒரே வரி, படமோ குரலோ வேண்டாம், 5இல் சொன்ன மூன்றாவது சோதனை நிறைவேறிவிடும்.

15. கெட்ட வழி எழுதி வச்சா யாருமே அதுல போகமாட்டேங்கிறாங்க. வீண் வேலையா?

கொடுமைக்காகக் கொடுமை என்று எழுதினால் யாரும் போகமாட்டார்கள், அதில் வியப்பில்லை. பால்டர்ஸ் கேட் 3இல் அகதிகளைக் கொல்லும் பக்கம் சேர்ந்தால் வில், கார்லாக் என்ற தோழர்கள் இருவரும் உங்களை விட்டுப் போய்விடுகிறார்கள். அகதிகளோடு வரும் பின்கதைகளும் போய்விடும். இழப்பு நிறைய, பதிலுக்குக் கிடைப்பது மிந்தாரா என்ற தோழியும் வேறு கொஞ்சமும்தான். அப்படி ஒரு வழியைத் துணிந்து வைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வழியில் கேம் காலியாகத் தெரிகிறது என்ற குறையை மறுப்பதற்கில்லை.

தீமைக்கு நியாயமான ஆசை ஒன்றைக் காட்டுங்கள். 555 மாதிரியில் தாளைக் கிழிப்பது தப்புதான், ஆனால் கிழிக்காவிட்டால் கடைக்காரம்மாவுக்கு லாரி இல்லை. கிழிப்பவர் தன்னைக் கெட்டவராக நினைக்கமாட்டார். யாருமே போகாத வழி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நல்ல வழிக்கு விலை வைத்தீர்களா என்பதை.

16. ஆட்டக்காரர் குவெஸ்டையே எடுக்காம போயிட்டா?

அதுவும் ஒரு பதில்தான், ஆனால் எல்லாருக்கும் அல்ல. டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் (2009) கேமில் ரெட்கிளிஃப் ஊருக்கு ஆபத்து என்று தெரிந்தும் உதவாமல் வெளியேறினால் ஊர் அழிந்துவிடும். தெரிந்து விட்டதற்கு விலை கேட்பது நியாயம். அந்தப் பக்கமே போகாதவரிடம் விலை கேட்பது அநியாயம்.

அதனால் குவெஸ்ட் நிலைக்கு ஆம், இல்லை போதாது. நான்கு மதிப்பு வையுங்கள்: பார்க்கவே இல்லை, கேட்டுவிட்டு மறுத்தார், ஏற்று முடிக்கவில்லை, முடித்தார். மாத முடிவு வந்ததும் முதல் நிலையில் உள்ளவருக்குக் கடை மூடிய செய்தி யாரோ போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரியாக வரட்டும், குறை சொல்லாமல். மறுத்தவருக்கு டாக்ஸி அண்ணன் அதைப் பற்றிப் பேசட்டும். மூன்றாம் நிலைதான் அதிகம் மறந்துபோவது: நோட்டு இன்னமும் ஆட்டக்காரரின் பையில் இருக்கும். அதைத் திறந்தால் என்ன தெரிய வேண்டும், யாரிடம் கொடுக்கலாம், விற்கப் பார்த்தால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் வசனம் எழுதி வையுங்கள். இல்லையென்றால் சோதிக்க வரும் முதல் ஆளே அதை மினிமார்ட்டில் 2 வெள்ளிக்கு விற்றுவிடுவார்.